பேஜாரு டீ குடிக்கவில்லை

சேசு மரி சூசை துணை

காசிமேடு,
21 ஜனவரி 2025

அன்புத் தம்பி ஜெரினுக்கு,

எல்சி அக்கா எழுதுகிறேன். நானும் பாப்பாவும் மூச்சுக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உனக்கு அங்கே படுக்க இடம் கிடைத்ததா, தண்ணீர் மாறியதில் தொண்டை கட்டிக்கொண்டதா என்று அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்குக் கடிதம் எழுதலாம் என்று வக்கீல் ஹில்டா மேடம்தான் சொன்னார்கள். ஆனால் அங்கே ஓர் அதிகாரி பிரித்துப் படித்து, முத்திரை குத்திய பிறகுதான் உன் கைக்கு வருமாம். "கேஸைப் பத்தி ஒரு வார்த்தை எழுதக் கூடாது எல்சி. நலம் விசாரி, நிறுத்து" என்றார்கள். விசாரித்துவிட்டேன். இனி என்ன எழுத?

தெருவில் பேசுவதை எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். அது ஊருக்கே தெரிந்ததுதானே. பன்னிரண்டாம் தேதி ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு, செபஸ்தியார் திருவிழாவுக்காக நம் மொட்டைமாடியில் கட்டியிருந்த ஸ்பீக்கரில், மீன் ஐஸ் கிடங்கின் அபாயச் சங்கைப் போலவே நீ சத்தம் எழுப்பிவிட்டாயாம். அம்மோனியா கசிந்துவிட்டது என்று தெருவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடியது. கசிவும் இல்லை, ஒன்றும் இல்லை என்று கிடங்கில் சொல்லிவிட்டார்கள். மீன் விற்கும் தங்கபுஷ்பம் அக்கா அன்னக்கூடையோடு படியில் உருண்டு, இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். பேப்பரில் உன்னைக் 'குறும்புக்கார வாலிபர்' என்று போட்டிருக்கிறார்கள்.

நேற்றுத் திருவிழா முடிந்தது. சப்பரம் வந்தது, உன் இசை வரவில்லை. நம் ஏரியாவின் சத்தங்களைக் கோத்து நீ செய்துவைத்திருந்த அந்தப் பத்து நிமிடம், துறைமுகத்துக் கப்பல் ஊதல், கூட்ஸ் வண்டி, மீன் ஏலம், கிடங்குச் சங்கு எல்லாம், யாரும் கேட்காமலே போயிற்று.

பெட்டியைப் போலீஸ் எடுத்துப்போனபோது, 'வயர்கள் தொங்கும் மரப்பெட்டி ஒன்று, பழைய ஜப்பான் கீபோர்டு ஒன்று' என்று பட்டியலில் எழுதினார்கள். காயலான் கடையில் கிலோக் கணக்கில் வாங்கிய நாற்பது வருடத்துக் கீபோர்டு. அதற்கு உயிர் கொடுக்க நீயே ஒரு பெட்டி கட்டி, இரண்டு வருடம் சால்டரிங் புகையில் கிடந்தாய். அது எந்தச் சத்தத்தையும் எழுப்பும் சிந்தசைசர், அதற்குப் பேஜாரு என்று பேர் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

டீக்கடை மாஸ்டர் உன்னை விசாரித்தார். "பேஜாரு டீ குடிக்குது மாஸ்டர், எனக்கும் ஒண்ணு குடுன்னு தெனம் வந்து நிப்பானேம்மா" என்றார். பெட்டியைப் போட்டுவிட்டு இருபது நிமிடம் சூடேற விட்டு, அதற்குள் நீ டீக்கு இறங்கிவருவாயே, அதைத்தான் சொல்கிறார். சூடேறும்வரை சுருதி ஒரு இடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும், அதற்குள் கை வைக்கிறவனுக்குக் காதே இல்லை என்று நீ திட்டுவதையும் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

உன் தலைமாட்டில் மாதா இருக்கட்டும்.

எல்சி அக்கா

---

புழல்,
30 ஜனவரி 2025

எல்சிக்கா,

நான் ஜோரா கீறேன். நீ எப்டி கீற, பாப்பா எப்டி கீது? இங்க சோறு பரவால்ல. உன் சாம்பார தின்னு வளந்தவனுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா.

குழாய் ஒண்ணு சொட்டிக்கினே கீதுக்கா. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவுல எண்ணிக்கினு தாளம் தட்டுறேன். பக்கத்துல படுக்கிற பெரியவரு "இன்னாடா தட்டிக்கினே கீற" ன்னாரு. மியூசிக்னேன். "போய் கொசுவுக்கு வாசி" ன்னுட்டாரு.

மனு போட்டு என்னப் பாக்க வராத. பாப்பாவ தூக்கிக்கினு பஸ்ஸு மாறி இவ்ளோ தூரம் வந்து, வரிசைல நின்னு, இன்னாத்துக்கு? இருமல் புள்ள. ஸ்பீக்கர் வாடகைக்குக் குடுத்த முபாஷிர் வரட்டும், அவன் போதும்.

இன்னொண்ணு. டீக்கடை கதைலாம் எழுதாத. மாஸ்டராண்ட வாய மூடிக்கினு டீய மட்டும் ஆத்தச் சொல்லு. நான்தான் பண்ணேன், வெளையாட்டுக்குப் பண்ணேன். அத்த நானே போலீசாண்ட சொல்லிட்டேன். அதுக்கு மேல யாரும் ஒண்ணியும் சொல்ல வேணாம்.

(இங்கே இரண்டு வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன.)

டெரிக் மாமா தோஹாலேர்ந்து போன் பண்ணா நான் கேட்டேன்னு சொல்லு. நீ வேளைக்கு சாப்டு. பாப்பா கன்னத்துல ஒண்ணு குடு.

ஜெரின்

---

(எழுதி, அரிசி டப்பாவுக்குள் வைத்தது. தபாலில் சேரவில்லை.)

3 பிப்ரவரி

ஜெரின்,

இதை உனக்கு அனுப்பப்போவதில்லை. ஆனால் எங்கேயாவது ஒரு காகிதத்தில் இது இருக்க வேண்டும்.

சங்கை ஊதியது நான்.

அன்றைக்கு நாலரை மணி இருக்கும். மாடியில் பாப்பாவின் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மூக்குக்குள் ஊசி ஏற்றியது போல ஒரு வாடை. கெமிஸ்ட்ரி படித்த மூன்று வருடமும் லேபில் முகர்ந்த அதே அம்மோனியா வாடை. இடுப்பில் இருந்த பாப்பா இருமத் தொடங்கினாள். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. கிடங்குச் சங்கு ஊதும், ஊதும் என்று காத்திருந்தேன். ஊதவில்லை.

கீழே ஓடி மூன்று வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜார்ஜ் அண்ணன் டிவியிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை. "எல்சிக்கு மறுபடி கேஸ் வந்துட்ச்சு, யாராவது சோடா குடுங்கப்பா" என்றார். வீட்டுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பாப்பா வயிற்றில் இருந்தபோது கிடங்கில் நடந்த அந்தக் கசிவுக்குப் பிறகு, நான் இரண்டு முறை தெருவைக் கூட்டியிருக்கிறேன். ஒருமுறை பிளீச்சிங் பவுடர். ஒருமுறை சாக்கடை. இரண்டாவது முறைதான் டெரிக் தோஹாவிலிருந்து சொன்னார்: "இன்னொரு வாட்டி இப்படிப் பண்ணா, புள்ளையத் தூத்துக்குடியில எங்கம்மாட்ட விட்டுருவேன். நீ போய் டாக்டரைப் பாரு."

என் வாய்ச்சொல்லுக்கு யாரும் ஓட மாட்டார்கள். சங்குக்கு ஓடுவார்கள். அவ்வளவுதான் அப்போது என் மூளையில் இருந்தது.

திருவிழா நிகழ்ச்சிக்காகச் சங்குச் சத்தத்துக்குரிய ஐந்து திருகுகளிலும் நீ சிவப்புப் பொட்டு வைத்திருந்தாய். என் நெயில் பாலிஷ்தான். மறுபடி மாடியேறிப் பெட்டியைப் போட்டேன். சூடேற விடவில்லை, ஜெரின். பொட்டுக்குப் பொட்டு திருப்பினேன். முதலில் ஏதோ முனகல் மாதிரி, நிஜச் சங்கைவிடத் தாழ்ந்து வந்தது. பிறகு ஏறியது, ஏறிக்கொண்டே போயிற்று. தெருவில் செருப்புகள் சிதறும் சத்தம். அதையும் மீறி 'ஐயோ' என்று ஒரு பெண் குரல். அது தங்கபுஷ்பம் அக்கா.

ரிச்சி தெருவில் வயர் வாங்கிக்கொண்டு ரயிலில் வந்திறங்கிய நீ, ஓடுகிற கூட்டத்துக்கு எதிராக ஓடிவந்து மாடியேறி பிளக்கைப் பிடுங்கினாய். என்னைத் திட்டவே இல்லை. "கீழ போ. பாப்பாவுக்குப் பால் குடு. வாயத் தொறக்காத." அவ்வளவுதான் சொன்னாய். போலீஸ் வரும்போது உன் கை பெட்டி மேல் இருந்தது.

அதற்குள் கடல்காற்று திரும்பிவிட்டது. வாடை இல்லை. இன்றுவரை அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முகர்ந்தேனா, பயந்தேனா? பாப்பாவுக்கு அதற்கு முன்பே சளி இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே தூங்கி எழுந்தவள்தான். எனக்கே தெரியாததை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

---

சேசு மரி சூசை துணை

காசிமேடு,
3 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி ஜெரினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்ததில் ஆறுதல். பாப்பாவுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. நீ சொன்னபடி கன்னத்தில் கொடுத்தேன். கடித்துவிட்டாள்.

மனுவுக்கு வரவில்லை. முபாஷிரிடம் இரண்டு லுங்கியும் ஒரு சோப்பும் கொடுத்தனுப்புகிறேன். இங்கே வேறு ஒன்றும் விசேஷமில்லை.

எல்சி அக்கா

---

புழல்,
14 பிப்ரவரி 2025

எல்சிக்கா,

சுகம்தானே? உன் குட்டிக் கடுதாசி வந்துச்சு. அப்டியே எழுது. பல்லு, சோப்பு, லுங்கி. அது போதும் எனக்கு.

ஜாமீன் தள்ளுபடி ஆயிடுச்சுன்னு ஹில்டா மேடம் சொல்லிருப்பாங்க. ஒரு பொம்பளைக்கு இடுப்பு ஒடஞ்சு கீது, ஊரே ஓடிருக்கு, இப்ப வெளில உட்டா இன்னொரு தபா பண்ணுவான்னு சர்க்கார் வக்கீல் சொன்னாரு. இன்னொரு தபா பண்றதுக்குப் பேஜாரே கோர்ட்டு ரூம்ல சீல் வெச்சு கீது. எலி கடிக்காம இருந்தா சரி.

துறைமுகத்துலேர்ந்து லெட்டர் எதனா வந்துச்சா? கிரேன் எலக்ட்ரீஷியன் வேலைக்கு எழுதி பாஸானேனே, அது. வந்தா பிரிக்காத. உள்ள வெச்சிடு.

இங்க ஒருத்தர் மவுத் ஆர்கன் வாசிப்பேன்றாரு. மவுத் ஆர்கன் இல்ல, வாய் மட்டும் கீது. சாயங்காலம் வாயாலயே வாசிக்கிறாரு. நான் அலுமினியத் தட்டு. பரவால்ல, கூட்டம் சேருது.

அக்கா, எனக்குக் கல்யாணம் ஆவல, புள்ள இல்ல. உனக்குப் பத்து மாசப் புள்ள கீது. இத்த ஒரு தபா நல்லா யோசிச்சிட்டு, அப்றம் யோசிக்காத.

ஜெரின்

---

சேசு மரி சூசை துணை

காசிமேடு,
25 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி ஜெரினுக்கு,

எங்கள் நலத்துக்குக் குறைவில்லை. உன் நலம் இந்தக் காகிதத்தில் எழுதுகிற அளவுக்காவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

துறைமுகத்துக் கடிதம் வந்தது. போலீஸ் சரிபார்ப்பு என்று உறையின் மேலேயே அச்சடித்திருக்கிறது. பிரிக்கவில்லை.

சாத்துக்குடி வாங்கிக்கொண்டு தங்கபுஷ்பம் அக்காவைப் பார்க்கப் போனேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்கள். "இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு வந்த நீ? வெளையாட்டாம்ல வெளையாட்டு! என் இடுப்பு இன்னா ஒன் தம்பிக்குப் பொம்மையா? முப்பது வருசமா அன்னக்கூட தூக்கினவடி நான். இப்ப பாத்ரூமுக்கு ஒருத்தி தூக்கினு போறா." வார்டே திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர்களாகவே பழத்தை வாங்கி உரித்தார்கள். "ஒன் பாப்பா இருமல் நின்னுச்சா?" என்று கேட்டார்கள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்: "மெய்யாலுமே கேஸு வந்து, அதுக்கு ஓடி வுழுந்திருந்தா கூட மனசு ஆறிடும் எல்சி. எவனோ சிரிக்கிறதுக்கு வுழுந்தேன் பாரு, அதான் தூங்க உட மாட்டேங்குது."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை.

முபாஷிர் நேற்று வந்தான். போலீஸ் எடுத்துப்போன அவன் வாடகை ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்க வந்தான் என்று நினைத்தேன். அதைக் கேட்கவே இல்லை. அன்றைக்கு யாரோ தெருவில் எடுத்து, டிவியிலும் போட்டார்களே அந்த வீடியோ, அதைப் போட்டுக் காட்டினான். காதருகே வைத்துக் கேட்கச் சொன்னான். "நூறு தபா கேட்டுட்டேன்கா. சங்கு ஏறிக்கினே போவுது பாரு. நம்மாளு இப்டி உடவே மாட்டான். சாவுற அவசரத்துல கூட சுருதி சேக்காம தொட மாட்டான். பேஜாரு டீ குடிக்கலக்கா." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

எல்சி அக்கா

---

சேசு மரி சூசை துணை

காசிமேடு,
12 மார்ச் 2025

அன்புத் தம்பி ஜெரினுக்கு,

பாப்பாவும் நானும் இருக்கிறோம். என் கடிதம் போய் இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. காய்ச்சலா? என் மேல் கோபமா? போன கடிதம் உனக்குக் கொடுக்கப்படவில்லையா? முபாஷிர் மனுவுக்கு வந்தபோதும் நீ அதிகம் பேசவில்லை என்றான். "தலைய ஆட்னான், அவ்ளோதான்" என்றான்.

உடம்பு சரியில்லை என்றால் அதையாவது எழுது. எழுத முடியவில்லை என்றால் யாரையாவது விட்டு உன் பெயரை மட்டும் எழுதி அனுப்பச் சொல். தபால்காரர் நம் தெருவைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நாளும் வாசலில் வந்து நிற்கிறேன்.

பாப்பா இப்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

எல்சி அக்கா

---

புழல்,
16 மார்ச் 2025

எல்சிக்கா,

எனக்கு ஒண்ணுமில்ல. காய்ச்சல் இல்ல. கோவம் இருந்துச்சு, இப்ப இல்ல. நீ அந்த மாதிரி கடுதாசி இனிமே எழுதாத. பால் பொங்குச்சுன்னா பொங்குச்சுன்னு எழுது. பொங்கலன்னு எதுக்கு எழுதுற?

ஒரு முடிவுக்கு வர்றதுக்குதான் இத்தினி நாளு எழுதல. சார்ஜ் ஷீட் போட்டுட்டாங்க. ஏப்ரல் நாலாம் தேதி வாய்தா. குற்றத்த ஒத்துக்கிறியான்னு கேப்பாங்க. ஒத்துக்கிறேன்னு சொல்லப்போறேன். மறுபடி ஜாமீனுக்குப் போட வேணாம்னும் மேடத்தாண்ட சொல்லிட்டேன். உள்ள இருந்த நாளு தண்டனைல கழியும். மிச்சம் கொஞ்ச மாசம்தான் இருக்கும். சாட்சி, விசாரணை, வீடியோ ஒண்ணியும் வேணாம். எவனும் எதையும் போட்டுக் கேக்க வேணாம். முபாஷிராண்டயும் சொல்லிட்டேன், உன் காத வூட்ல வெச்சிட்டு வான்னு.

வெளையாட்டுக்குப் பண்ணேன்னு எழுதிக் குடுத்து கையெழுத்து. அவ்ளோதான். ரயில்வே கேட்டு மூடிட்ச்சு.

துறைமுக லெட்டர கிழிச்சிடு. கிரேன் இல்லன்னா இன்னா, மிக்ஸி ரிப்பேர் பண்ணா சோறு வராதா? பேஜாரத் திருப்பித் தருவாங்களான்னுதான் தெரில. அதுக்குதான் கொஞ்சம் கஷ்டமா கீது.

நீ ஒண்ணியும் பண்ணாத. பாப்பா நடக்க ஆரம்பிச்சா எழுது. மொத அடி எந்தப் பக்கம் வெச்சான்னும் எழுது.

ஜெரின்

---

சேசு மரி சூசை துணை

காசிமேடு,
28 மார்ச் 2025

அன்புத் தம்பி ஜெரினுக்கு,

நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பதில் எனக்குப் பாதி உயிர் வந்தது. நாங்கள் இருவரும் சுகம். பாப்பாவின் இருமல் போய்ப் பத்து நாளாகிறது. இன்னும் நடக்கவில்லை. இரண்டு விநாடி கைவிட்டு நிற்கிறாள், தானே பயந்து உட்கார்ந்துவிடுகிறாள். என் பிள்ளைதானே.

உன் கடிதம் வந்த நாலாம் நாள், கிடங்குச் சுவரை ஒட்டிக் குடியிருக்கும் ரஹீமுன்னிசா வந்தாள். தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். நமக்குத் தவக்காலம், அவளுக்கு நோன்பு. பாப்பாவுக்கு ஒரு கரண்டி ஊட்டினேன். அவளுடைய ஐந்து வயது அனம் வாசலில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். அதற்கு ரஹீமுன்னிசா சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அதுக்குப் பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கெழமேலேர்ந்தே கண்ணு சரியில்ல எல்சி. அன்னிக்கி நாலரை மணிக்கே எரியுது எரியுதுன்னு அழுதுச்சு. ஒரு வாடை வந்துச்சு பாரு, தொண்டையில கத்தி வெச்ச மாதிரி. ஈரத் துண்ட மூஞ்சில கட்டி ஒக்கார வெச்சேன். சங்கு ஊதல, அப்ப கேஸு இல்லன்னு நெனச்சேன். அப்பறம் சங்கு கேட்டிச்சு, தூக்கிக்கினு ஓடினேன். மறுநாளு, வெளையாட்டுக்கு ஊதினான்னுட்டாங்கோ. சரி, நம்ம மூக்குதான் பொய்யி போலன்னு உட்டுட்டேன். இதப் போயி யாராண்ட சொல்றது, சிரிப்பாங்கோ."

மறுநாள் அனமுக்குக் கண் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்த சீட்டை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். ஜனவரி 13 என்று தேதி போட்டிருக்கிறது.

ஜெரின், அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். எழுபது நாளாக என் மூக்கை நானே நம்பாமல் இருந்தேன். அங்கே சுவருக்குப் பக்கத்தில் இன்னொருத்தியும் அப்படியே இருந்திருக்கிறாள். இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேரோ. நீ என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன அந்த ஒரு வார்த்தை, 'விளையாட்டு', அது எங்கள் எல்லோருடைய மூக்கையும் பொய்யாக்கிவிட்டது. நாலாம் தேதி நீ கையெழுத்துப் போட்டால் அது கோர்ட்டுத் தாளில் நிலைத்துவிடும். கிடங்கில் யாரும் எந்தக் குழாயையும் திறந்து பார்க்க மாட்டார்கள். அடுத்த முறை வாடை வந்தால் யாரும் ஓட மாட்டார்கள். நிஜச் சங்கு ஊதினால்கூட, ஜெரின் வெளியே வந்துட்டானா என்றுதான் கேட்பார்கள்.

அதனால் நீ எழுதாதே என்று சொன்னதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீதிபதி முன்னால் வாக்குமூலம் கொடுக்கிறேன். ஹில்டா மேடம் எல்லாம் தயார் செய்துவிட்டார்கள். ரஹீமுன்னிசா கூட வருகிறாள். நீ ரயிலில் வந்த டிக்கெட், முபாஷிர் உன்னிடமிருந்து வாங்கிவந்த அழுக்குச் சட்டையின் பையில் இருந்தது, துவைக்கும்போது எடுத்து வைத்தேன். மூன்றே முக்கால் மணிக்கு ரிச்சி தெருக் கடையில் போட்ட வயர் பில்லும் அதோடு இருக்கிறது. முபாஷிர் வீடியோவைக் கொண்டுவருகிறான். அவனிடம் நீ காதை வீட்டில் வைக்கச் சொன்னாயாம். "காது இல்லாம எப்டிக்கா பொழப்பு நடத்துறது" என்றான்.

பெட்டியைக் கோர்ட்டில் போட்டுக் காட்டச் சொன்னால் நானே போடுவேன். ஐந்து சிவப்புப் பொட்டுகள். சூடேற விடாமல், அன்றைக்குப் போட்டபடியே. அது தாழ்ந்து தொடங்கி ஏறும். வீடியோவில் ஏறுகிறபடியே ஏறும். நீ வாசித்தால் அப்படி வராது என்பதை டீக்கடை மாஸ்டர் வந்து சொல்வார். அவரிடமும் பேசிவிட்டேன்.

என்னை உள்ளே வைப்பார்களா என்று மேடத்திடம் கேட்டேன். "வைக்கலாம். காரணம் இருந்தது, வெச்சாலும் நிக்காதுன்னு வாதாடுவேன். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை கூடவே இருக்கலாமாம். டெரிக்கிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் லைனைத் துண்டித்துவிட்டார். மூன்று நாளாக அழைக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து அவர் அம்மா கிளம்பிவிட்டதாகக் கேள்வி. எதற்கு வருகிறார்கள் என்று தெரியாது. பாப்பாவின் துணிகளை நான் இன்னும் மடித்துவைக்கவில்லை.

நேற்று தங்கபுஷ்பம் அக்காவிடமும் போய்ச் சொன்னேன். கையில் இருந்த தண்ணீர் டம்ளரை என் மேல் வீசினார்கள். பிறகு நர்ஸிடம், "அவளுக்கு ஒரு துண்டு குடும்மா, புள்ளக்காரி" என்றார்கள். போகும்போது கூப்பிட்டு, "அப்ப கேஸு நெஜம்தானா?" என்று கேட்டார்கள். நெஜம்தான் என்றேன். முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

இதற்குக் கீழே இருப்பது உனக்கல்ல.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஐயா அவர்களுக்கு, வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு மாதமாக எங்கள் வீட்டு இருமலும் பல்லும் சோப்பும் உங்களுக்குத் தெரியும். ஜனவரி பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு, காசிமேட்டில் அந்தச் சங்கை ஊதியது எல்சியாகிய நான். என் தம்பி அப்போது ரயிலில் இருந்தான். நான் விளையாட்டுக்கு ஊதவில்லை. வாயு கசிந்தது, ஊத வேண்டிய சங்கு ஊதவில்லை, அதனால் ஊதினேன். நாலாம் தேதிக்குள் அவன் இதைப் படிக்க வேண்டும். வழக்கைப் பற்றி எழுதக் கூடாது என்று விதி இருக்கலாம். எதையாவது அடித்தே ஆக வேண்டும் என்றால், மேலே இருக்கும் நலவிசாரிப்பை அடித்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிடுங்கள்.

எல்சி

---

புழல்,
2 ஏப்ரல் 2025

எல்சிக்கா,

நேத்து நீ ஜட்ஜாண்ட சொல்லிட்டேன்னு காலைல மேடம் வந்து சொன்னாங்க. வூட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னும், கூப்ட்டா வரணும்னு எழுதி வாங்கிக்கினாங்கன்னும் சொன்னாங்க. பாப்பா கோர்ட்ல நீதிபதி ஐயா மேசைய புடிச்சிக்கினு நின்னுச்சாமே.

உன் மேல செம கோவம். டெரிக் மாமா அம்மா வந்துட்டாங்களா? பாப்பாவ உன் கண்ணு முன்னாடியே வெச்சிக்கோ. யார் கேட்டாலும் குடுக்காத.

மத்தியானம் கடுதாசி படிக்கிற ஐயா என்ன கூப்ட்டாரு. உன் கடுதாசி ரெண்டு நாளா அவரு மேசைலயே இருந்துச்சாம். கைல குடுத்துட்டுப் போவாம, நான் படிச்சி முடிக்கிற வரைக்கும் நின்னுக்கினே இருந்தாரு. அப்றம் "பெட்டி டீ குடிக்கும்னா இன்னாடா அர்த்தம்?" ன்னாரு. இருபது நிமிசம், சூடு, சுருதி, எல்லாம் சொன்னேன். "அப்ப ஒங்கக்கா குடுக்கலயா?" ன்னாரு.

"குடுக்கல சார்" ன்னேன். எண்பது நாளுக்கு அப்றம், மொத தபா.

நாளன்னிக்கு ஒத்துக்கிறியான்னு கேட்டா ஒத்துக்க மாட்டேன்.

கடுதாசிய வெளிச்சத்துல புடிச்சி ரெண்டு பக்கமும் பாத்தேன்கா. மூலைல முத்திரை குத்தி கீது. ஒரு வரி கூட அடிக்கல.

ஜெரின்